மணலியும் எட்டயபுரமும்

சங்கீதம் பயிலும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வித்தை மட்டும் இருந்தால் போதுமா? பெரிய மனிதர்களுடைய பழக்கமும், சபைக்காரர்களுடைய தயவும், நாலு பேருடைய சிபாரிசும் இல்லாமல் ஒருவர் முன்னுக்கு வர முடியுமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு இரு வகையான விடைகள் வழங்கி வருகின்றன. உண்மையான வித்தை யாருடைய உதவியும் இன்றித் தானே பிரகாசிக்கும் என்பது ஒரு விடை. வித்தையாவது ஒன்றாவது, எல்லாம் ஆள் பழக்கந்தான் என்பது மற்றொன்று. முன்னது பேசுவதற்கு அழகாக இருக்கிறது. பின்னது கேட்பதற்குக் கசப்பாக இருக்கிறது. இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது என் கருத்து.

இதை வாதத்தால் நிலைநாட்டுவதைக் காட்டிலும் சரித்திரத்தால் விளக்குவது நலம். ஆகவே ஒரு குடும்பத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். 1735இல் பிறந்த ராமசாமி தீட்சிதர் தொடங்கி, 1906இல் காலமான சுப்பராம தீட்சிதர் வரையில், ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் தென்னாட்டுச் சங்கீதத்துக்கு உழைத்த குடும்பம் அது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் அக்குடும்பத்தின் நடுநாயக மணி. அவருடைய கிருதிகள் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றனவென்றால், அதற்கு அவருடைய மேதை மட்டும் காரணம் அன்று. பலருடைய உறவும் நட்பும் கைகோத்து நின்று அவற்றைக் காப்பாற்றின. அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதல் உறவு, குருவின் உறவு. ராமசாமி தீட்சிதர் இளமையில் சங்கீதம் கற்பதற்காகத் தஞ்சாவூர் சென்று வீரபத்திரையா என்னும் வித்வானை அடுத்தார். பின்னர், வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் பாடம் கேட்டார். வேங்கடமகி யார் என்பதை மாணவர்கள் அறிந்திருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்ற நூலை இயற்றி, எழுபத்திரண்டு மேளங்களுக்கு வழி வகுத்தவர் அவர். அந்த மரபின் இலட்சணங்களும் கீதங்களும் ராமசாமி தீட்சிதருக்கு ஏடுகளில் மட்டும் கிடைக்கவில்லை; குருமுகமாகவும் கிடைத்தன. ஒரு வித்வானுக்கு வாழ்க்கையில் முதன்முதல் கிடைக்கும் பெரிய அறிமுகம் அவருடைய குருவே. இன்னாருடைய சீடர் என்ற ஒரு சொல், நூறு சிபாரிசுக் கடிதங்களுக்குச் சமம்.

கற்றுத் தேர்ந்த ராமசாமி தீட்சிதர் திருவாரூரில் குடியேறினார். தியாகராஜப் பெருமான் கோயிலில் இன்ன காலத்தில் இன்ன வாத்தியம், இன்ன இராகம் என்று முறைப்படுத்தும் பணி அவரிடம் வந்தது. அம்சத்வனி என்னும் இராகத்தை உருவாக்கியவர் அவரே என்பர். இத்தனை இருந்தும் அவருடைய புகழ் காவிரிக் கரையைத் தாண்டிப் பரவுவதற்கு வேறொரு தொடர்பு தேவையாயிற்று. அதுதான் மணலித் தொடர்பு.

அக்காலத்துச் சென்னை எப்படிப்பட்ட ஊர் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரசரும் இல்லை, அரண்மனையும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டையும் கிடங்குகளும் அவற்றைச் சுற்றி வளர்ந்த வியாபாரமுமே இருந்தன. வெள்ளைக்காரத் துரைகளுக்கும் நம்மவர்களுக்கும் இடையே மொழிபெயர்த்தும் கொடுக்கல் வாங்கல்களை நடத்தியும் வந்தவர்களுக்குத் துபாஷிகள் என்று பெயர். அவர்கள் கையில் பெரும் பொருள் சேர்ந்தது. அவர்களுள் ஒருவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கோட்டையை அடுத்திருந்த பழைய கோயில் இடிக்கப்பட்ட பிறகு, பூக்கடைப் பக்கத்தில் சென்னகேசவர் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் மீண்டும் எழும்பப் பொருளுதவி செய்தவர் அவர். இராம நாடகம் பாடிய சீகாழி அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் அவரே.

இவ்வள்ளல் ராமசாமி தீட்சிதரின் பெருமையை உணர்ந்து, அவரைக் குடும்பத்துடன் மணலிக்கு வரவழைத்து வைத்துக்கொண்டார். அவர் காலத்துக்குப் பிறகு, சின்னையா முதலியார் என்று அழைக்கப்பட்ட அவருடைய குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைக் குறைவின்றித் தொடர்ந்தார். நூற்றெட்டு இராகங்களும் தாளங்களும் அமைந்த பெரியதோர் இராகதாள மாலிகையை ராமசாமி தீட்சிதர் இயற்றியது இந்த ஆதரவின் நிழலிலேதான். உணவுக்கும் உறைவிடத்துக்கும் கவலைப்படும் ஒருவரால் அத்தகைய பெருமுயற்சியில் இறங்க முடியுமா? ஆதரவாளர் பொருளைக் கொடுத்தார். பொருளோடு ஓய்வையும் கொடுத்தார். வித்வான் அந்த ஓய்வைச் சங்கீதமாக மாற்றித் திருப்பிக் கொடுத்தார். இங்கே கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

மணலித் தொடர்பினால் விளைந்த மற்றொரு பயன் இன்னும் வியப்புக்குரியது. சின்னையா முதலியார், தீட்சிதரின் பிள்ளைகளான முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி ஆகியோருக்குச் சென்னைக் கோட்டையில் நடக்கும் ஐரோப்பிய வாத்திய கோஷ்டியைக் கேட்கும் வாய்ப்பை உண்டாக்கினார். திருவாரூரிலேயே இருந்திருந்தால் அப்பிள்ளைகளின் காதில் அந்த ஒலி விழுந்திராது. முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளில் பலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று அவை இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலேயருடைய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று.

இளையவராகிய பாலுசாமிக்கு அந்தக் கோஷ்டியில் இருந்த பிடில் வாத்தியத்தின் மீது நாட்டம் சென்றது. சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரை அமர்த்தி, மூன்று ஆண்டுகள் அவருக்குப் பிடில் கற்பிக்கச் செய்தார் என்று குடும்ப வரலாறு கூறுகிறது. ஐரோப்பியர் நின்றுகொண்டு மோவாயில் அணைத்து வாசிக்கும் கருவி, நம் நாட்டில் தரையில் அமர்ந்து மார்புக்கும் காலுக்கும் இடையே தாங்கி வாசிக்கும் கருவியாயிற்று. தந்திகளின் சுருதியும் நம் ஷட்ஜ பஞ்சமங்களுக்கு ஏற்ப மாறியது. இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அதற்கு வழிகோலியவர்களுள் முதல்வர் பாலுசாமி தீட்சிதர். ஒரு செல்வருக்கும் ஒரு வித்வானுடைய குடும்பத்துக்கும் இருந்த நல்லுறவின் வழியாக, ஒரு தேசத்தின் வாத்தியம் மற்றொரு தேசத்தின் சங்கீதத்துக்குள் புகுந்தது.

இனி, 1775இல் பிறந்த மூத்தவர் முத்துசாமி தீட்சிதரைப் பார்ப்போம். அவர் சிதம்பரநாத யோகி என்னும் மகானுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி, வடநாட்டுச் சங்கீதத்தின் போக்கையும் நன்கு அறிந்து திரும்பியவர். தந்தையைப் போலவோ தம்பியைப் போலவோ அவர் ஒரு செல்வரையோ சமஸ்தானத்தையோ சார்ந்து வாழவில்லை. க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று பாடினார். மனிதரைப் பாடிப் பொருள் பெறுவதை அவர் விரும்பவில்லை என்பதைக் காட்டும் கதைகள் பல, கர்ண பரம்பரையாக வழங்குகின்றன. அப்படியானால் அவருக்கு எவருடைய தொடர்பும் தேவைப்படவில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அவருக்குக் கிடைத்த பெரிய உறவு சீடர்களின் உறவு.

அச்சீடர்களின் பெயர்களைப் பாருங்கள். திருக்கடையூர் பாரதி, மத்தளத்தில் வல்லவரான சுத்தமத்தளம் தம்பியப்பன், திருவாரூர்க் கோயிலைச் சார்ந்த நாட்டியக் கலைஞர் கமலம், தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவர்களுள் அடங்குவர். வெவ்வேறு குலத்தாரும், வெவ்வேறு துறையினரும், ஆடவரும் பெண்டிரும் அந்த ஒரு குருவிடம் கூடினார்கள். பாட்டும் மத்தளமும் நாட்டியமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்டன.

தஞ்சை நால்வர் இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையில் விளங்கியவர்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரையில் இன்று நாம் காணும் பரத நாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்களே. பின்னர் அவர்கள் தஞ்சையை விட்டுத் திருவிதாங்கூருக்குச் சென்றபோது, 1829இல் அரசுரிமை ஏற்ற சுவாதித் திருநாள் மகாராஜா அவர்களை வரவேற்றார். வடிவேலுவின் பிடில் வாசிப்பை மெச்சி, 1834இல் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றை அவருக்கு அளித்தார். சின்னையா மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்றார். இவ்வாறு, எந்த அரசவையையும் நாடாத குருவின் வித்தை, சீடர்களின் கால்களால் நடந்து, பல அரசவைகளுக்குச் சென்று சேர்ந்தது. தாம் போகாத இடத்துக்குத் தம் பாட்டைப் போகச் செய்வதைக் காட்டிலும் ஒரு வித்வானுக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

ஆனால் சீடர்களின் அன்பு மட்டும் ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் அரிசி அளக்காது. 1817இல் ராமசாமி தீட்சிதர் காலமானார். வறுமை நெருங்கவே, தம்பியர் இருவரும் திருவாரூரை விட்டு மதுரைப் பக்கம் சென்றனர். கண்பார்வை இழந்திருந்த சின்னசாமி தீட்சிதர் 1823இல் இறந்தார். தனித்து நின்ற பாலுசாமி தீட்சிதரை எட்டயபுரம் ஜமீன்தார் அழைத்து, 1824இல் தம் சமஸ்தான வித்வானாக்கிக்கொண்டார். கரிசல் காட்டில் அமைந்த ஒரு சிறிய சமஸ்தானம் அது. அதற்கு அன்று தஞ்சாவூரின் பெருமையும் இல்லை, சென்னையின் செல்வமும் இல்லை. ஆயினும் தீட்சிதர் குடும்பத்தின் வித்தைக்கு இறுதிவரை இடங்கொடுத்த ஊர் அதுவே.

தம்பியரைத் தேடி வந்த முத்துசாமி தீட்சிதர், ஒருவர் இறந்த செய்தியையும் மற்றவர் எட்டயபுரத்தில் இருக்கும் செய்தியையும் ஒருங்கே கேள்வியுற்றார். எட்டயபுரம் செல்லும் வழியில் வானம் பொய்த்து வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு மனம் உருகி, அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடினார் என்றும், மழை பெய்தது என்றும் சொல்வார்கள். மழை பெய்ததோ இல்லையோ, தம் துயரத்தினிடையிலும் ஊரார் துயரத்துக்காகப் பாடிய உள்ளத்தை நாம் உணர்ந்துகொள்ளலாம். 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே அவர் மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

இதுவரை சொன்ன உறவுகள் எல்லாம் வித்தையை வளர்த்த உறவுகள். ஆனால் ஒரு வட்டத்துக்குள் வளரும் வித்தை, அந்த வட்டத்துக்குள்ளேயே அடைபட்டுப்போகும் அபாயமும் உண்டு. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளுக்கு அந்த அபாயமே நேர இருந்தது. பாலுசாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு அவருக்கு எல்லாவற்றையும் கற்பித்தார். 1839இல் பிறந்த அப்பிள்ளையே சுப்பராம தீட்சிதர். வேங்கடமகியின் இலட்சணங்களும், பழைய கீதங்களும், முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளும் அவருடைய நினைவிலும் அவர் வீட்டு ஏடுகளிலும் குடும்பச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. நகையைப் பெட்டியில் பூட்டி வைப்பது போல் பாட்டைப் பூட்டி வைப்பது அக்காலத்து வழக்கம். அதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. தகாதவர் கையில் பாட்டு சிதைந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் பூட்டிய பெட்டியைக் கறையான் அரிக்கும் என்பதும் உண்மைதான்.

அந்தப் பெட்டியைத் திறக்கச் செய்தவர், குடும்பத்தாரும் அல்லர், சீடரும் அல்லர். அவர் சென்னை அரசாங்கச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த அ. மு. சின்னசாமி முதலியார் என்பவர். எம்.ஏ. பட்டம் பெற்றவர், கிறித்துவ மதத்தைச் சார்ந்தவர். நம் சங்கீதத்தை ஐரோப்பிய சுர எழுத்தில் பதிவு செய்தால்தான் அது அழியாமல் நிற்கும் என்று கருதி, 1890களில் அதற்கென ஒரு வெளியீட்டையே தொடங்கினார். தியாகராஜ சுவாமிகளின் சீட பரம்பரையாகிய வாலாஜாப்பேட்டை பாகவதர்களிடம் பாடம் கேட்டு எழுதினார். சொந்தப் பணத்தைச் செலவழித்தார். இரவும் பகலும் நுணுக்கமான குறியீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணொளியை இழந்தார்.

அத்தகையவர் சுப்பராம தீட்சிதரின் நட்பை நாடினார். அவரிடமிருந்து பல பாடங்களை எழுதிக்கொண்டார். தம்மால் இனி இப்பணியை முடிக்க இயலாது என்று உணர்ந்தபோது, 1899இல் எட்டயபுரம் ராஜாவை அணுகி ஒரு வேண்டுகோள் விடுத்தார். தமக்காக அவர் எதுவும் கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதரிடம் உள்ள செல்வம் முழுவதையும் அச்சிடச் செய்யுங்கள் என்பதே அந்த வேண்டுகோள். ராஜா இசைந்தார். தம் புரவலரின் ஆணையையும் தம் நண்பரின் வேண்டுகோளையும் மீற முடியாமல், தயங்கி நின்ற தீட்சிதரும் இசைந்தார்.

அறுபதைக் கடந்த வயதில் அவர் வேலையைத் தொடங்கினார். கமகங்களைக் காட்டுவதற்குத் தனிக் குறியீடுகள் அமைக்கப்பட்டன. சமஸ்தானத்தின் செலவில், எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் அச்சாகி, 1904இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு லிபியில் அமைந்த அம்மாபெரும் நூலில் முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229 உள்ளன. அவற்றோடு இராக இலட்சணங்களும், பழைய கீதங்களும், முன்னோர் பலருடைய வரலாறுகளும் இடம்பெற்றன. பாரதியார் பிறந்த அதே எட்டயபுரந்தான் இந்நூலும் பிறந்த ஊர். நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1906இல், சுப்பராம தீட்சிதர் காலமானார். ராஜாவின் இசைவு ஐந்தாறு ஆண்டுகள் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. சின்னசாமி முதலியாரோ 1901இலேயே மறைந்துவிட்டார். தாம் கேட்டுப் பெற்ற நூலின் முழு உருவத்தை அவர் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

அதன் பிறகும் உறவுச் சங்கிலி அறுந்துவிடவில்லை. சுப்பராம தீட்சிதரின் குமாரர் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். வழக்கறிஞராயிருந்து பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த டி. எல். வேங்கடராமையர் அவரிடம் கற்றார். டி. கே. பட்டம்மாளும் அம்பி தீட்சிதரிடமும் வேங்கடராமையரிடமும் கற்று, அக்கிருதிகளை மேடையிலும் இசைத்தட்டிலும் வானொலியிலும் பாடி, நாடெங்கும் கேட்கச் செய்தார். சென்னைச் சங்கீத வித்வத் சபை 1961 முதல் 1983 வரையில், அந்த நூலைத் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. எட்டயபுரத்துப் பெட்டியில் இருந்த நகை நாட்டுக்கெல்லாம் பொதுவாயிற்று.

மாணவ நண்பர்களே! தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது திரும்புவோம். வித்தை மட்டும் போதுமா? தீட்சிதர் குடும்பத்தின் வரலாறு, போதாது என்றே சொல்கிறது. குரு இல்லையேல் அடிப்படை இல்லை. மணலி முதலியார்கள் இல்லையேல் பிடிலும் நோட்டுஸ்வரமும் அவ்வீட்டுக்கு வந்திரா. எட்டயபுரம் இல்லையேல் தங்க நிழல் இல்லை. சின்னசாமி முதலியார் இல்லையேல் நூல் இல்லை. வித்தை நிறைந்திருந்தும் இத்தகைய ஒரு வாயில் திறவாமையால் பெயரும் பாட்டும் அறியப்படாமல் மறைந்தவர்கள் எத்தனை பேரோ! பிறப்பினாலும் வறுமையினாலும் பெண்ணாய்ப் பிறந்ததினாலும் கதவு அடைக்கப்பட்டவர்கள் அக்காலத்தில் மிகப் பலர். அவர்களை நினைக்கும்போது, நல்ல தொடர்பு என்பது ஏதோ சிலருடைய சாமர்த்தியம் என்று அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அதே வரலாறு மற்றொன்றையும் சொல்கிறது. இந்த உறவுகளில் எதுவும் ஒருவர் மற்றொருவரை ஏணியாக மிதித்து ஏறிய உறவு அன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் சங்கீதம் என்னும் பொதுப் பொருள் ஒன்று இருந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் அதற்காகவே கூடினார்கள். அதனால்தான் ஆட்கள் மறைந்த பின்னும் அத்தொடர்புகள் பயன் தந்துகொண்டே இருந்தன. பதவிக்காகவும் பரிசுக்காகவும் மட்டும் நாடப்படும் பழக்கம், பதவி போன அன்றே போய்விடும்.

ஆகவே, சங்கீதத்தையோ வேறெந்தக் கலையையோ வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள், பெரியவர்களையும் சக வித்வான்களையும் ரசிகர்களையும் நாடிப் பழகக் கூச வேண்டியதில்லை. பழகும்போது, "இவரால் எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்பதற்கு முன், "நாங்கள் இருவரும் கூடினால் கலைக்கு என்ன ஆகும்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணிழந்த நிலையில், தம் பெயருக்கு அன்றித் தம் நண்பருடைய வீட்டுப் பாட்டுக்காக ராஜாவின் முன் நின்று மன்றாடிய சின்னசாமி முதலியார் கேட்டுக்கொண்ட கேள்வி அதுவே. அதன் விடையைத்தான் நாம் ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.